சவுக்குக்கு யூரியா எதற்கு?

கடலூர், சிதம்பரம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் நிற்கும் சவுக்கைத் தூரத்திலிருந்து பார்த்தால் பைன் மரம் போலத் தெரியும். ஆனால் அது பூக்கும் தாவரம். ஊசியிலை போலத் தொங்குபவை கணுக்கணுவான பச்சைச் சிறுகிளைகள். உண்மையான இலைகள் கணுவைச் சுற்றிச் சின்னஞ்சிறு செதில்களாக ஒட்டியிருக்கும். உரக் கணக்கும் வேறுதான். சுவீடன், பின்லாந்து பைன் காடுகளில் குளிரால் சருகு மெதுவாக மட்குகிறது, தழைச்சத்து அதற்குள்ளேயே முடங்குகிறது. அங்கே தழைச்சத்து உரமிட்டால் மரம் பருக்கும். சவுக்கின் வேர்முடிச்சில் வாழும் பிராங்கியா நுண்ணுயிரோ காற்றிலுள்ள நைட்ரஜனையே மரத்துக்கு உணவாக்கித் தருகிறது. யூரியாவை அள்ளி இட்டால் முடிச்சுகள் குறையும். மணலில் தங்காத நைட்ரேட் மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும்.

யூரியா போட்டதும் கன்று பச்சை கட்டுகிறதே என்று விவசாயி கேட்பது நியாயம்தான். முடிச்சு பிடிக்காத இளங்கன்றுக்குச் சிறிதளவு உதவும். அதன்பின் மணிச்சத்துதான் முக்கியம். அது போதாவிட்டால் பிராங்கியாவாலும் வேலை செய்ய முடியாது. நடும்போதே தொழுவுரத்தோடு சூப்பர் பாஸ்பேட் இடுவது செலவுக்கேற்ற பலன் தரும். எனக்குப் பெரிய கவலை அறுவடைதான். சில ஆண்டுகளுக்கொருமுறை கழிகளுக்கும் காகிதக்கூழுக்கும் வெட்டி ஏற்றும்போது சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் லாரியோடு போகின்றன. அவற்றை எந்த நுண்ணுயிரும் காற்றிலிருந்து எடுத்துத் தராது. மிளாரும் சருகும் பல வீடுகளுக்கு அடுப்பெரிக்க வேண்டும், அதைத் தடுக்க முடியாது. பட்டையையாவது உரித்து நிலத்திலேயே போடலாம், சுண்ணாம்புச்சத்து அதில்தான் செறிந்திருக்கிறது.