தீபத்துக்கு வந்த விமர்சனம்

எங்கள் வீட்டுக்குச் சினிமா விமர்சனம் கார்த்திகை மாதத்தில்தான் வந்து சேரும். தீபத்துக்காக மெட்ராஸிலிருந்து பெரியம்மா குடும்பம் திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்காலுக்கு வந்து இறங்கும். மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் கைகூப்பிவிட்டு, பொரி உருண்டை தின்று, பாயை விரித்துப் படுத்த பிறகு அம்மா கேட்பாள்: “ஏன்க்கா, இந்த வருஷம் என்னென்ன படம் பார்த்தே?” அந்தக் கேள்விக்காகவே நாங்கள் தூங்காமல் கிடப்போம்.

அப்போதெல்லாம் ஒரு படத்துக்கு எடுக்கும் பிரதிகள் குறைவு. பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் பெட்டி எங்கள் பக்கம் வரும். சுற்றுவட்டாரத்து டென்ட் கொட்டகைகளுக்கு வர இன்னும் மாதக்கணக்கில் ஆகும். அதனால் படத்துக்கு வெகு முன்னாலேயே படத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடும். 1978 தீபத்துக்கு வந்தபோது பெரியம்மா ‘முள்ளும் மலரும்’ பற்றிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணன் தங்கச்சி கதைதான். ஆனா ‘பாசமலர்’ மாதிரி இல்லடி, இது வேற” என்றாள். அப்பாவிடம், “உங்களுக்கு ஒத்துவராது தம்பி, சண்டையே கம்மி” என்றாள். பாட்டியிடம், “அத்தை, நீங்க போனா அழுதுடுவீங்க” என்றாள். ஒரே படத்துக்கு ஆளுக்கொரு தீர்ப்பு. ஆனால் முடிவை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியுமே, அந்த ஒழுக்கம் பெரியம்மாவுக்கும் இருந்தது.

ஊரில் அடுத்த விமர்சகர் டீக்கடைக்காரர். தியேட்டர் தட்டியைக் கடை வாசலில் சாய்த்து வைக்க இடம் கொடுப்பதால் அவருக்கு இலவச பாஸ் உண்டு. எல்லாப் படமும் பார்த்துவிடுவார். ஓசியில் பார்ப்பவர் என்பதற்காக யாரும் அவர் பேச்சைத் தள்ளிவிடவில்லை. “எப்படிண்ணா இருக்குது படம்?” என்று கேட்டால், பாய்லரைப் பார்த்தபடியே, “குடும்பத்தோட போலாம்”, “ஒருக்கா பாக்கலாம்”, “காசுக்குக் கேடு” என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். அவர் சொன்னதை நம்பி, சைக்கிள் மிதித்து டவுனுக்குப் போய் ஏமாந்து வந்தவன், மறுநாள் காலையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்பான். அந்த முகத்தை அவர் பார்த்தாக வேண்டும். ஆகவே அவர் அளந்துதான் பேசினார்.

சலூனில் வேறு நீதிமன்றம். அங்கே ஆனந்த விகடன் மதிப்பெண்தான் சட்டம். ‘16 வயதினிலே’வுக்கு 62.5, ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு 61. பள்ளிக்கூட மார்க்கை மறந்துபோனவர்களும் இந்த இரண்டையும் ஒப்பித்தார்கள். 45 வாங்கிய படத்தைக்கூட ‘விகடனே பரவாயில்லைன்னு சொல்லிட்டான்’ என்று எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கு அறுபது என்பது எவ்வளவு பெரிய உயரம் என்பதை அந்தப் பத்திரிகை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது. இன்று எதற்கெடுத்தாலும் ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் வாரி வழங்குவதைப் பார்க்கும்போது அந்தக் கஞ்சத்தனத்தின் அருமை புரிகிறது.

பெண்களுக்கு இதிலெல்லாம் இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீக்கடையும் சலூனும் ஆண்களுடையவை. எந்தப் படத்துக்கு வீட்டுப் பெண்கள் போகலாம் என்று அங்கே முடிவானது. பெண்கள் தங்களுக்குள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் மேட்னிக்குப் போய் வந்தவள் சொல்வாள். “நல்லா அழலாம்” என்றால் அது பெரிய சிபாரிசு. அம்மா பார்த்த படங்களில் பாதி அப்படித் தெரிந்துகொண்டவைதான். ஆனால் ஒரு படம் பிடித்ததா இல்லையா என்று அவளிடம் அப்பா கேட்டு நான் பார்த்ததில்லை.

1989 செப்டம்பர் 30 அன்று வடஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. பின்னர் ஆட்சியர் அலுவலகமும் வேங்கிக்காலுக்கே வந்தது. ஏரியும் நிலமுமாக இருந்த ஊருக்குள் வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மாற்றலாகி வந்த குடும்பங்கள் குடியேறின. திங்கட்கிழமை காலையில் வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கும் கிளார்க்குகள், சனிக்கிழமை பார்த்த படத்தோடு இறங்கினார்கள். விமர்சனம் கேட்கக் கார்த்திகை வரை காத்திருந்த காலம் அப்படித்தான் முடிந்தது. இடையில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த காலமும், 1993க்குப் பிறகு சன் டிவி வீட்டுக்கே விமர்சனம் கொண்டுவந்த காலமும் வேகமாகப் போயின.

ஒன்றை மட்டும் அப்படிக் கடந்துபோக முடியாது. விகடனில் செழியன் எழுதிய உலக சினிமா தொடர் என்னைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்குச் செய்ததை அளவிட முடியாது. பின்னாளில் ‘டூலெட்’ எடுத்தவர் அவர். இத்தாலியில் 1948இல் வந்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைப் பற்றி, சைக்கிளே குடும்பச் சொத்தாக இருந்த ஊரில் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு படத்தைத் தேடி அலைந்தேன். சென்னை போகிறவர்களிடம் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். டிவிடி கைக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு, படத்தை நிறுத்தி நிறுத்தி வசனத்தைத் தமிழில் சொன்னேன். எழுத்தாளர் பவா செல்லதுரை கதை சொல்லக் கேட்கத் தரையில் உட்காரும் ஊர் இது. வாயால் சொல்லப்படும் கதையின் ருசி எங்களுக்குத் தெரியும்.

இன்று தீபத்துக்கு வரும் உறவினர்கள் சினிமா பேசுவதில்லை. பேச என்ன மிச்சமிருக்கிறது? தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளத்திலும் கர்நாடகத்திலும் பெரிய படங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் இடைவேளையிலேயே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுகிறான்: ‘ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் லேக்.’ இங்கே தியேட்டர் கதவு திறப்பதற்குள் தீர்ப்பு வந்தாகிவிட்டது. மதியத்துக்குள் யூடியூபில் பத்து விமர்சனம். தியேட்டர் வாசலில் மைக் நீட்டப்பட, தூக்கம் கலையாத கண்களோடு யாரோ ‘மொக்கை’ என்கிறார்கள், யாரோ ‘தெறி’ என்கிறார்கள். நான்கு வாரம் பொறுத்தால் ஓடிடியில் வந்துவிடும் என்பதால், ‘ஓடிடில பாத்துக்கலாம்’ என்பதே இப்போது மிகக் கடுமையான விமர்சனம்.

இதில் நல்லது இல்லையா? நிறைய இருக்கிறது. என் மகள் தனக்குப் பிடித்த படத்தைப் பற்றிக் குழுவில் நீளமாக எழுதுகிறாள். அவளுடைய சித்தப்பாக்கள் பதில் சொல்லத் திணறுகிறார்கள். என் அம்மாவுக்குக் கிடைக்காத இடம் அது. 2024 செப்டம்பர் 20 அன்று பெரிய நட்சத்திரம் இல்லாமல் வந்த ‘லப்பர் பந்து’ ஊர் ஊராக ஓடியதற்கு, பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொன்னதுதான் பலம். ஈரானியப் படத்தை இன்று துண்டுச் சீட்டு இல்லாமல் பார்க்கலாம்.

நான் வருந்துவது வேறொன்றுக்காக. நல்ல படத்துக்கு அன்று கால அவகாசம் கிடைத்தது. ‘முள்ளும் மலரும்’ 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியானபோது முதல் சில வாரங்கள் கூட்டமில்லை. பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லிச் சொல்லித்தான் அது நூறு நாளைத் தாண்டியது. 1999 டிசம்பரில் வந்த ‘சேது’வை வாங்க ஆளில்லை. புறநகர்த் தியேட்டர் ஒன்றில் பகல் காட்சி மட்டும் கிடைத்தது. அங்கிருந்து வாய்ப்பேச்சாகவே பரவி, பாலா, விக்ரம் என்ற இரண்டு பெயர்களையும் தமிழ்நாட்டின் நெஞ்சில் எழுதியது. அந்தப் படங்கள் இன்று வந்திருந்தால்? வெள்ளிக்கிழமை மதியம் ‘ஸ்லோ’ என்று ஒரு சொல் விழுந்திருக்கும். திங்கட்கிழமை காட்சி குறைந்திருக்கும். பெரியம்மாவைப் போன்ற ஒருத்தி கிளம்பித் தியேட்டருக்குப் போவதற்குள் படம் தூக்கப்பட்டிருக்கும்.

திரையுலகம் இதற்குக் கண்ட மருந்து வாயைக் கட்டுவது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியான பிறகு, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதைத் தடுக்கக் கோரியது. படம் வந்த முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனமே கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. மறுத்தது சரி. டிக்கெட் வாங்கியவன் வாய் திறக்கக் கூடாது என்றால் எங்கள் டீக்கடைக்காரரைக்கூட ஜெயிலில் போட வேண்டியிருக்கும். வன்மத்தோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நடிகரின் உருவத்தையும் குடும்பத்தையும் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது விமர்சனம் ஆகாது, அதைத் தட்டிக்கேட்க வேண்டும். ஆனால் தயாரிப்பாளர்களும் தியேட்டர்காரர்களும் உண்மையிலேயே படத்தைக் காக்க நினைத்தால், சிறிய படத்துக்கு இரண்டாவது வாரமும் ஒரு காட்சி விட்டுவைக்கட்டும். மாலைக் காட்சியாகவே இருக்கட்டும்.

பார்வையாளராகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. குழுவில் இருநூறு பேருக்குப் பொதுவாக ‘ஒன் டைம் வாட்சபிள்’ என்று எழுதுவதில் யாருக்கும் பயன் இல்லை. அது யாருக்கான சொல்? பெரியம்மா ஒரு படத்தை அப்பாவுக்கு ஒரு மாதிரியும் பாட்டிக்கு ஒரு மாதிரியும் சொன்னாள். கேட்கிறவரைத் தெரிந்தவளால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

போன மாதம் ஒரு சின்ன படம் பார்த்தேன். தியேட்டரில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா மகனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, உங்களுக்குப் பிடிக்கும், இன்னிக்கே போங்க, நாளைக்கு எடுத்துடுவான்” என்றேன். முடிவைச் சொல்லவில்லை. நீங்களும் நல்ல படம் பார்த்தால் அன்றே ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.