நெல் பட்ட கண்ணும் சீட்டுக் குலுக்கலும்

பிசான அறுவடை தொடங்கினால் தாமிரபரணிப் பாசன ஊர்களில் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். கதிர் அறுக்கையில் தாள் குத்தியிருக்கும். தூற்றுகையில் நெல்லோ உமியோ தெறித்திருக்கும். உறுத்தல்தானே என்று இரண்டு நாள் விட்டுவிடுவார்கள். வீட்டில் தாய்ப்பால் விடுவார்கள், இல்லையென்றால் விளக்கெண்ணெய். நாக்கால் துழாவித் தூசி எடுக்கிற கைவைத்தியமும் உண்டு. அதற்கும் கேட்காவிட்டால் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து. அதற்குள் கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு எழும்பியிருக்கும். ஆறினாலும் அது தழும்பாக நின்றுவிட்டால், 'கண்ணுல பூ விழுந்துட்டு' என்பார்கள்.

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, ஜங்ஷனைக் கடந்து, சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலைக்குப் போனால் அரவிந்த் கண் மருத்துவமனை. 1988 முதல் அங்கே இருக்கிறது. 1999 முதல் 2002 வரை மூன்று ஆண்டுகள், அங்கு வந்த கருவிழிப் புண்களையெல்லாம் ஆய்வகத்தில் சோதித்துக் கணக்கெடுத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புண்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவை பூஞ்சையால் வந்தவை. பூஞ்சை தாக்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கண்ணில் ஏதோ பட்டுக் காயமாகியிருந்தது. அமெரிக்காவில் கருவிழிப் புண் என்றால் டாக்டர்கள் முதலில் கேட்பது கான்டாக்ட் லென்ஸைப் பற்றித்தான், பாக்டீரியாவைத்தான் சந்தேகிப்பார்கள். அந்த ஊர்ப் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பி நெல்லையில் மருந்து எழுத முடியாது.

எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கிற முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை மெல்லிய கத்தியாலோ தட்டைக் கரண்டியாலோ சுரண்டுகிறார்கள். எடுத்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுகிறார்கள். அந்தக் காரம் மனித செல்களையும் சீழையும் கரைத்துவிடும். பூஞ்சையின் செல்சுவர் கைட்டினால் ஆனது. அது எளிதில் கரையாது. சில நிமிடத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தெளிந்த பின்னணியில் கிளைவிட்ட இழைகள் மட்டும் கிடக்கும். செலவு சொற்பம். நல்ல கண்ணும் பழகிய கையும் இருந்தால் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும் செய்துவிடலாம்.

மிச்சத்தை வளர்ப்புத் தட்டில் 'சி' எழுத்து வடிவில் கீறுவார்கள். அதற்குக் காரணம் உண்டு: கீறிய கோட்டின் மேல் முளைத்தால் அது கண்ணிலிருந்து வந்தது, கோட்டுக்கு வெளியே முளைத்தால் காற்றில் வந்து விழுந்த விருந்தாளி. பாக்டீரியா ஓரிரு நாளில் தெரிந்துவிடும். பூஞ்சைக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். நம் பகுதியில் அதிகம் முளைப்பது ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. மண்ணிலும் பயிரிலும் வாழ்வது. வாழைக்கு வாடல் நோய் தருவதும் இதே இனத்தின் இன்னொரு வகைதான். வாழை வைத்தவர்களுக்கு அதன் குணம் தெரியும்.

கிருமி தெரிந்துவிட்டது. எந்த மருந்து? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

பழைய மருந்து நாட்டமைசின். 1950களில் தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. பாலாடைக்கட்டியின் மேல் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் இதையே பூசுகிறார்கள். நீரில் சரியாகக் கரையாது, குலுக்கித்தான் விடவேண்டும், கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. புதிய மருந்து வோரிகோனசோல். நன்றாக ஊடுருவும், சோதனைக்குழாயில் பல பூஞ்சைகளை அடக்கியது. 2000களில் உலகம் முழுக்கக் கண் மருத்துவர்களின் மனம் இதன் பக்கம் சாய்ந்தது இயல்புதான்.

அனுபவத்தை வைத்தே முடிவு செய்யலாமே என்று தோன்றும். முடியாது. மோசமான புண்ணுக்குத்தான் டாக்டர் புது மருந்தைத் தருவார். அது ஆறாமல் போனால் பழி மருந்துக்கா, புண்ணுக்கா? பணமிருந்து சீக்கிரம் வந்தவருக்குப் புது மருந்து கிடைத்து ஆறினால், புகழ் மருந்துக்கா, சீக்கிரம் வந்ததற்கா? இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, யாருக்கு எது என்பதை டாக்டர் கையிலிருந்து பிடுங்கிச் சீட்டுக் குலுக்கலிடம் கொடுப்பது. நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கிற டாக்டருக்கும் தெரியாது. நோயாளிகள் சம்மதம் தந்த பிறகுதான் இது. நடுவில் யாருக்காவது கெடுதல் நேர்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு குழு கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

மதுரை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளும் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து 2010இல் அப்படியொரு ஆய்வைத் தொடங்கின. 323 பேர். முதல் வாரம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு சொட்டு. மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்தார்கள். முடிவு 2013இல் வெளியானது: பழைய மருந்தே ஜெயித்தது. ஃபியூசேரியம் பிடித்த கண்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. எழுத்துப் பலகையில் ஏறக்குறைய நான்கு வரி. வோரிகோனசோல் பெற்றவர்களில்தான் கருவிழி ஓட்டையாவதும், மாற்றுக் கருவிழி வைக்க வேண்டிவருவதும் அதிகம். 2017இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நாட்டமைசின் சொட்டைச் சேர்த்தது.

திருநெல்வேலிக்கு நேரடிப் பங்குள்ள ஆய்வு இந்த நாட்டமைசின் ஆய்வுக்கு முந்தியது. பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் தழும்பு குறையுமா என்பது கேள்வி. 2006 முதல் 2010 வரை மதுரை, கோவை, திருநெல்வேலி, அமெரிக்கா எல்லாம் சேர்த்து 500 பேர். மூன்று மாதப் பார்வையில் மொத்தமாகப் பார்த்தால் லாபமில்லை. நொகார்டியா என்ற பாக்டீரியா பிடித்தவர்களுக்கோ தழும்பு பெரிதானது. ஸ்டீராய்டு அங்கே கிருமி எதுவென்று வளர்த்துப் பார்த்து உறுதி செய்து, ஆன்டிபயாடிக் 48 மணி நேரம் வேலை செய்த பிறகே கொடுக்கப்பட்டது. நம் மருந்துக்கடையில் சிவப்புக் கண்ணைப் பார்த்ததும் எடுத்துத் தருகிற சொட்டிலும் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் சிவப்பு குறையும், நோயாளிக்கு நிம்மதி. உடலின் எதிர்ப்பு அடங்கிய இடத்தில் பூஞ்சை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

நாட்டமைசினும் எல்லாக் கண்ணையும் காப்பாற்றுவதில்லை. பல நாடுகளில் எளிதாகக் கிடைப்பதுமில்லை. அதனால் நேபாளத்தில் மலிவான கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினை அதோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். 2022இல் வெளியான அந்த முடிவிலும் நாட்டமைசின்தான் முன்னால் நின்றது.