விளக்கு என்னும் வீட்டுச் சொல்

மின்சாரம் நின்றுபோன இரவில் "விளக்கு எங்கே?" என்று தேடுகிறோம். அச்சொல்லுக்குள் இருக்கும் பொருள்களை என்றேனும் தேடியிருக்கிறோமா? நானும் தேடியவனல்லன், ஒரு சிறுவன்தான் தேட வைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் மதரஸாவில் பாடம் நடத்துகையில், புதிதாகச் சேர்ந்திருந்த மாணவனிடம் ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இதை விளக்கு" என்றேன். அவன் திகைத்து, "எதைப் போட்டு ஹஜ்ரத், புளியா, சாம்பலா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன். பின்னர் இரண்டு நாட்கள் அவன் வாய் திறக்கவில்லை.

மனம் உறுத்தவே, சென்னைப் பல்கலைக் கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். பொருளைத் தெளிவுறுத்துதல், துலக்கித் தூய்மை செய்தல் இரண்டுமே அங்கே இருந்தன. 'விளங்கு' என்றால் ஒளிர்தல், தெளிவாதல். அடங்கு என்பதிலிருந்து அடக்கு வந்ததுபோல், விளங்கச் செய்வது விளக்கு. இருண்ட அறையை விளங்கச் செய்வது அகல். கறுத்த பித்தளைக் குடத்தை விளங்கச் செய்பவர் அடுப்படியில் இருக்கும் உம்மா. சொல்லின் பொருளை விளங்கச் செய்பவர் ஆசிரியர். கன்னடத்தின் 'பெளகு' என்னும் உறவுச் சொல்லும் ஒளிர்தல், பாத்திரம் துலக்குதல் இரண்டையும் குறிக்கும். மலையாளிகள் உலோகத்தைப் பற்றவைப்பதையும் விளக்குதல் என்பர். "நீ விளங்கவே மாட்டாய்" என்னும் ஏச்சிலோ, விளங்குதல் என்பது வாழ்வில் செழித்தல். அதை நம் பிள்ளைகள்மீது எத்தனை எளிதாக வீசிவிடுகிறோம்!

மறுநாள் வகுப்பில், "அவன் கேட்டது முறையான கேள்வி. சிரித்த நாம்தான் பாதிப் பொருள் அறிந்தவர்கள்" என்றேன். சற்றுப் பொறுத்து அவன் மெல்லக் கேட்டான்: "அப்போ விளக்குமாறு, ஹஜ்ரத்?"

மாறு என்பது மிலாறு, குச்சி. பஞ்செடுத்தபின் நிற்கும் காய்ந்த செடியை உழவர் பருத்திமாறு என்பர். தரையை விளக்கும் மாறு விளக்குமாறு. பேச்சு வழக்கில் விளக்கமாறு. கொங்கு நாட்டில் அது சீமாறு, நெல்லைப் பக்கம் வாரியல்.

"எங்கள் வீட்டில் பருத்திமாறுதான் அடுப்பெரிக்க" என்றான் அவன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.