பூஜப்புரையும் நெட்டுகால்தேரியும்: சிறை எதற்காக?

குற்றவாளியைச் சிறையில் அடைப்பதற்கு நான்கு நோக்கங்கள் சொல்லப்படுகின்றன. செய்த குற்றத்துக்கு ஈடான தண்டனை தருவது, பிறரும் அதே தவறைச் செய்யாதபடி அச்சுறுத்துவது, ஆபத்தானவரைச் சமூகத்திலிருந்து விலக்கிவைப்பது, அவரைத் திருத்தி அனுப்புவது. சட்டப் புத்தகத்தில் நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. சிறைக்குள் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களைச் சுற்றி இந்த மோதலை நன்றாகப் பார்க்கலாம். எல்லையின் கேரளப் பக்கத்தில் நீண்ட தண்டனை பெறும் ஆண்கள் பொதுவாகத் திருவனந்தபுரம் பூஜப்புரை மத்திய சிறைக்குப் போகிறார்கள். அது 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில் தொடங்கப்பட்டது. எல்லை ஊரான களியக்காவிளைக்குத் தெற்கே, தமிழ்நாட்டில், அதே குற்றத்தைச் செய்தவருக்குப் பாளையங்கோட்டை மத்திய சிறை. 1956 நவம்பர் 1 வரை இரு பகுதிகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. இன்று சிறைத்துறைகள் இரண்டு.

ஈடும் அச்சமும்

முதல் நோக்கத்தின் உச்சம் மரண தண்டனை. எல்லையின் இருபுறமும் பேசப்பட்ட பாறசாலை இளைஞர் கொலை வழக்கில், நெய்யாற்றின்கரை கூடுதல் அமர்வு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அந்தத் தண்டனையை விதித்தது. இதே மண்ணில் 1944இல் திருவிதாங்கூர் அரசு மரண தண்டனையை ஒழித்திருந்தது. இந்தியாவோடு இணைந்த பிறகு அது திரும்பி வந்தது. எது ஈடான தண்டனை என்பதற்குக் காலம் கடந்து நிற்கும் அளவுகோல் கிடையாது என்பதற்கு இதைவிட அருகில் சான்று இல்லை.

அச்சத்தைப் பொறுத்தவரை, தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்ற உறுதிதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. விலக்கிவைப்பதோ உள்ளே இருக்கும் நாள்வரைதான் பலன் தரும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். நெய்யாற்றின்கரை சப் ஜெயில் போன்றவை முக்கியமாக ரிமாண்டில் இருப்பவர்களுக்கானவை. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாத இவர்களுக்கு நான்கு நோக்கங்களில் ஒன்றுமே முறையாகப் பொருந்தாது. மனப் பாதிப்பு மட்டும் முழுதாகப் பொருந்தும்.

மனம் மாறும் விதம்

சிறைவாசத்தின் முதல் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. வீடு, வேலை, ஊரில் இருந்த பெயர் எல்லாம் ஒரே இரவில் போய்விடும். அடுத்து என்ன என்று தெரியாது. இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறான மரணங்களில் தற்கொலையே முதலிடத்தில் இருக்கிறது.

அந்த அதிர்ச்சி அடங்கிய பிறகு வருவது மெதுவான மாற்றம். அமெரிக்கச் சமூகவியலாளர் கிரெஷாம் சைக்ஸ் 1958இல் சிறையின் வேதனைகளை ஐந்தாக வகுத்தார்: சுதந்திரம், உடைமைகள், பாலுறவு, தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை, பாதுகாப்பு ஆகியவற்றின் இழப்பு. மதிலைப் பார்த்ததும் தெரிவது முதல் இழப்பு. ஆழமாக வேலை செய்வது நான்காவது. விழிப்பது, குளிப்பது, உண்பது, விளக்கணைவது எல்லாம் மணியடித்து நடக்கும். கதவை வார்டர்தான் திறப்பார், வார்டர்தான் பூட்டுவார். பத்தாண்டு இப்படி வாழ்ந்தவருக்கு வெளியே வந்ததும் எந்தப் பஸ்ஸில் ஏறுவது, கடையில் எதை வாங்குவது என்பதே திணறலாகிவிடும்.

சிறைக்கென்று ஓர் உள்வாழ்க்கையும் உண்டு. அதன் பேச்சும் விசுவாசங்களும் புதிதாக வருபவர்மேல் படிவதை டொனால்ட் கிளெம்மர் 1940இல் விரிவாகப் பதிவு செய்தார். அழுதால் பலவீனன், அதிகாரியிடம் பேசினால் காட்டிக்கொடுப்பவன் என்ற விதிகளுக்கிடையில் முகத்தை இறுக்கிக்கொள்வது பாதுகாப்பாகிறது. அதே இறுக்கம் வீடு திரும்பியவரை மனைவி மக்களிடமிருந்து தள்ளி நிறுத்துகிறது. எல்லைக் கிராமங்களில் இந்த விலகலைத் தூரம் கூட்டுகிறது. தமிழ்நாட்டு வழக்கில் தண்டனை பெற்றவரைப் பாறசாலையிலிருந்து பார்க்கப் போகும் குடும்பம் பாளையங்கோட்டைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும்.

தனிமைச் சிறை இன்னும் கொடியது. தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் வைக்கக்கூடாது என்கின்றன 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள். 1978இல் சுனில் பத்ரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மரண தண்டனைக் கைதியாயினும் சிறை நிர்வாகம் தன்னிச்சையாகத் தனிமைச் சிறையில் அடைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1948இல் சிறைவாசத்தைத் தானே அனுபவித்தவர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர்.

மதில் இல்லாத சிறை

நெய்யாறு அணைக்கு அருகே நெட்டுகால்தேரியில் 1962இல் கேரளத்தின் முதல் திறந்தவெளிச் சிறை தொடங்கப்பட்டது. மூடிய சிறையில் தண்டனையின் ஒரு பகுதியை நன்னடத்தையோடு கழித்தவர்களே இங்கே தேர்வாகிறார்கள். உயர்ந்த மதில் கிடையாது. பரந்த ரப்பர் தோட்டமே வளாகம்.

பால்வெட்டு அதிகாலை வேலை. முன்பு வெட்டிய கோட்டை ஒட்டி மெல்லிய பட்டையைச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் சிரட்டையில் பால் நிறையாது. ஒவ்வொரு மரத்திலும் எவ்வளவு ஆழம் என்பதை வெட்டுகிறவர் தன் கையால் தீர்மானிக்கிறார். பிறகு பாலைச் சேகரித்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போட வேண்டும். மூடிய சிறை பறித்த முடிவெடுக்கும் பழக்கம் இப்படிச் சிறு சிறு அளவில் திரும்பி வருகிறது.

இங்கிருந்து தப்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் ஓடுவதற்கு வழி இருந்தும் பெரும்பாலோர் தங்குவதுதான் இந்த முறையின் அடித்தளம். பிடிபட்டால் மூடிய சிறைக்கே திரும்ப வேண்டும் என்பதும், பரோல், தண்டனைக் குறைப்பு போன்ற சலுகைகளை இழக்க நேரும் என்பதும் அதற்குத் துணை.

கூலியும் திருத்தத்தின் பகுதிதான். கைதிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும் என்று 1983இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. 1998இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, கூலியில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டும் என்றது. ஈடு செய்தலும் திருத்தமும் முரண்படாமல் சந்திக்கும் அரிய இடம் அது.

திறந்தவெளிச் சிறை எல்லோருக்கும் ஏற்றதன்று. கொடூரமான வன்முறையாளரை விலக்கிவைக்க மதில் தேவைப்படும். சிறு குற்றங்களுக்குச் சிறையே தேவையில்லை என்ற வழியும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சமூக சேவையை ஒரு தண்டனையாகச் சேர்த்துள்ளது. நீண்ட தண்டனைக்காரர்களில் பெரும்பாலோரும் ஒருநாள் ஊர் திரும்பத்தான் போகிறார்கள். அந்த நாளில் கையில் ஒரு தொழிலும், பேச்சு விட்டுப்போகாத ஒரு குடும்பமும், தானே முடிவெடுக்கும் பழக்கமும் இருந்தால்தான் நான்காவது நோக்கம் நிறைவேறும்.