ஏச்சும் சம்பளத்தில் சேர்த்தியா?

விடியுமுன்னே பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டது. ஒருவர் ஐந்து நிமிடம் பிந்தி ஓடி வருகிறார். வீட்டில் பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல். அதைச் சொல்ல அவர் வாயைத் திறக்குமுன்னே வந்து விழுகிறது ஒரு வார்த்தை. அது அவரைப் பற்றியதுகூட அல்ல, அவரைப் பெற்றவளைப் பற்றியது. முப்பது பேர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேர் சிரிக்கிறார்கள். அவர் தலையைக் குனிந்தபடி தம் நிரைக்குப் போகிறார்.

மாத முடிவில் அவருடைய சம்பளத்தில் ஒரு காசு குறையாது. ஆனால் அன்றைக்கு அவர் வாங்கிய ஏச்சு எந்தக் கணக்கில் சேரும்? அதுவும் சம்பளத்தோடு சேர்ந்ததுதானா? இன்று இதைக் கொஞ்சம் பேசுவோம். அந்த வார்த்தைகளை நாம் இங்கே அச்சில் ஏற்றப்போவதில்லை. வாசகர்களுக்கு அவை தெரியாதவையும் அல்ல.

கேட்டால் மண்டோர் அண்ணன்மார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "நாலு வார்த்த விட்டாத்தான் வேல நடக்கும். இது தோட்டம்ங்க, பள்ளிக்கூடமா?" நம்மில் பலரும் இதை ஒப்புக்கொண்டு தலையாட்டிவிடுகிறோம். நாலு மணிக்கு எழுந்து, சோறு கட்டி, பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டு, இருட்டோடு மரத்தடிக்குப் போன நம் தாய்மார்கள் ஏச்சுக்குப் பயந்தா போனார்கள்? பிள்ளைகளின் வயிற்றுக்காகப் போனார்கள். ஏசாவிட்டாலும் போயிருப்பார்கள்.

ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. கெட்ட வார்த்தை எல்லாமே ஒரே எடை அல்ல. செம்பனை வெட்டுகிற இடத்தில் போய் நின்று பாருங்கள். நீளக் கழியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே ஓலையையும் குலையையும் அறுக்கிறார்கள். இருபது கிலோ எடையுள்ள குலை பொத்தென்று விழும். கீழே ஒருவன் கவனமில்லாமல் நின்றால், "ஐயா, தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்க நேரம் ஏது? வாயில் வந்ததைச் சொல்லிக் கத்துவான் கூட்டாளி. மற்றவன் குதித்து விலகுவான். அப்புறம் இருவரும் ஒரே குவளையில் தேத்தண்ணி குடிப்பார்கள். அங்கே அந்த வார்த்தை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அவன் சொன்னதை இவன் நாளைக்குத் திருப்பிச் சொல்வான், அவனும் சிரிப்பான்.

அதே வார்த்தையை மேலே நிற்பவர் கீழே நிற்பவரிடம் சொன்னால் கதை வேறு. இவர் திருப்பிச் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போகும். ஆகவே வார்த்தையை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதைக் கேட்டவர் பதில் சொல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன நம் பிள்ளைகளையும் விசாரித்தோம். லாரிப் பட்டறையில் வேலை செய்கிற பையன் சொன்னான்: "அங்க கெட்ட வார்த்த இல்லாம ஸ்பேனர்கூடக் கைக்கு வராதுங்க." தவுக்கே ஹொக்கியனில் ஏசுகிறார், இவன் தமிழில் ஏசுகிறான், இருவரும் மலாயில் சமாதானம் ஆகிறார்கள். ஹோட்டலில் வேலை செய்கிறவன் கதை வேறு. சமையற்கட்டின் கதவுக்கு உள்ளே ஒரு பாஷை, கதவுக்கு வெளியே வாடிக்கையாளர் முன்னால் ஒரு பாஷை. ஒரே வாய்தான், கதவைத் தாண்டியதும் அடங்கிவிடுகிறது. அடக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து நம் பெண்கள் எத்தனையோ பேர் எலெக்ட்ரோனிக் தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறார்கள். அப்படி வேலை பார்க்கிற ஒரு பெண் சொன்னாள்: "எங்க லைன் லீடர் ஒரு கெட்ட வார்த்த பேச மாட்டாங்க. ஆனா கழிவறைக்குப் போனா நிமிஷம் எண்ணுவாங்க." அலுவலகத்தில் இருக்கிறவரோ, "ஏச்சே கிடையாது. பைலை மேசையில எறிவாங்க. 'ஒங்களுக்கு இது புரியாதுன்னு எனக்குத் தெரியும்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க," என்றார். நல்ல வார்த்தையாலேயே ஆளைக் குத்துகிற வித்தை அது. எனவே கெட்ட வார்த்தை இல்லாத இடமெல்லாம் மரியாதையான இடம் என்று ஏமாந்துவிடவும் கூடாது.

இந்த மரியாதை விவகாரம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 'கூலி' என்பது நம் மொழியில் உழைப்புக்குக் கொடுக்கிற பணம். அந்தப் பணத்தின் பெயரையே ஆளுக்குப் பெயராக வைத்துக் கூப்பிட்டார்கள். துரை கிராணியை ஏசுவார், கிராணி கங்காணியை ஏசுவார், கங்காணி நம் பாட்டன்மாரை ஏசுவார். பாட்டன் வீட்டுக்கு வந்து பாட்டியை ஏசுவார். மலைமேல் பெய்த மழை பள்ளத்துக்கு வருவதுபோல் ஏச்சும் கீழே கீழே இறங்கி வந்தது.

இதை நம்மவர்கள் எப்போதும் பொறுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். அவர்கள் கேட்டது சம்பள உயர்வு மட்டுமா? துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கொடுமை செய்கிற கிராணிகளை மாற்றச் சொன்னார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாதபடி நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். குறையைப் பயமில்லாமல் எடுத்துச் சொல்ல விடுங்கள் என்றார்கள். அந்த மே மாதத்தில் நாதன் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் போயின. சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போகிற உரிமைக்காகவும் சேர்த்துத்தான் அந்த உயிர்கள் போயின. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் பிறந்து, பி.பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளராக இருந்து ஒப்பந்தங்கள் பேசியபோது, ஒவ்வொரு தோட்டத்திலும் எழுந்து நின்று பேசுகிற ஒரு தோட்டக் கமிட்டிக்காரர் இருந்தார். மேலே இருப்பவர்கள் வாயை அடக்கக் கற்றுக்கொண்டதற்கு அவரும் ஒரு காரணம்.

இப்போது ஒரு சங்கதி சொல்கிறோம். கேட்டு நமக்கே வெட்கமாகிவிட்டது.

தோட்டத்தின் பெயர் வேண்டாம். நம்மவர்கள் இப்போது அங்கே சில குடும்பங்கள்தான். மற்ற லயங்களில் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். மண்டோர் மட்டும் நம்மவர். புதிதாக வந்த வங்காளதேசத்துப் பையன் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது. ஒருநாள் தோட்டக் கடை வாசலில் நம் பாட்டி ஒருவர் மூட்டையைத் தூக்க முடியாமல் நின்றார். இவன் ஓடிப்போய்த் தூக்கினான். தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, பாட்டியைப் பார்த்து ஒரு தமிழ் வார்த்தை சொன்னான். கடை வாசலே திகைத்துப்போயிற்று. காதால் கேட்கக் கூசுகிற வார்த்தை அது.

ஒருவர் அடிக்கக் கை ஓங்கிவிட்டார். பாட்டி தடுத்தார். "இருப்பா. ஏண்டா தம்பி, இத யாருடா ஒனக்குச் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டார். பையனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் மலாயில் கேட்டுச் சொன்னார். தினமும் காலையில் மண்டோர் தன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார் என்றும், தமிழில் அதற்கு 'வாங்க' என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டதாகவும் பையன் சொன்னானாம்.

பாட்டி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு சொன்னாராம்: "எங்கப்பன கிராணி இதே வார்த்தையிலதான் கூப்புடுவாரு. அப்ப நான் சின்னப் புள்ள."

தோழர்களே, நம் மொழியில் அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுத்த முதல் வார்த்தை அது. நம் பாட்டன் வாங்கிய ஏச்சைப் பத்திரமாக வைத்திருந்து, இன்னொருவன் பெற்ற பிள்ளையின் தலையில் இறக்கியிருக்கிறோம். அவன் திருப்பிச் சொல்ல முடியாது. கடன்பட்டு வந்தவன். பாஷை தெரியாதவன். 1941-இல் நம்மவர்கள் நின்ற இடத்தில் இன்று அவன் நிற்கிறான். ஆனால் எதிரே நிற்கிறவர் துரை அல்ல, நம்மில் ஒருவர்.

வெறும் நியாயத்தோடு முடிகிற விஷயமும் அல்ல இது. கட்டாய உழைப்பு என்று சொல்ல என்னென்ன அடையாளம் வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் பதினோர் அடையாளங்களை வகுத்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தல், சம்பளத்தைப் பிடித்து வைத்தல் என்பவற்றோடு மிரட்டி அச்சுறுத்துவதும் அதில் ஒன்று. இத்தகைய அடையாளங்களைக் காட்டித்தான் 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை இந்த நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. பிரட்டுக்களத்தில் விடுகிற மிரட்டல் கப்பலேறிப் போய்க் கணக்குக் கேட்கிற காலம் இது.

சரி, ஏச்சு வாங்குகிறவர் என்ன செய்வது? பதிலுக்கு ஏசுவதா? வேண்டாம். மேலதிகாரியைக் கெட்ட வார்த்தையால் ஏசினால் அது ஒழுங்கீனம் என்று சொல்லி விசாரணைக்கு இழுப்பார்கள். மூட்டிவிட்டவர் வெளியே நிற்பார், மூண்டவர் மாட்டிக்கொள்வார். அப்படி மாட்டிக்கொண்டாலும் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி வேலை நீக்கம் செய்யுமுன் முறையாக விசாரிக்க வேண்டும். விசாரணைக்காக நிறுத்தி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த நாள்களுக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும். அநியாயமாக நீக்கிவிட்டார்கள் என்றால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். அந்தக் கெடு தவறினால் நியாயம் இருந்தும் பலனில்லை.

பெண்களை ஆபாசமாகப் பேசுவதைச் சட்டம் தனியாகவே கவனிக்கிறது. கையால் தொட்டால்தான் பாலியல் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாயால் பேசுவதும் தொல்லைதான். புகார் கொடுத்தால் முதலாளி விசாரித்தாக வேண்டும். 2023 ஜனவரி முதல், இதுபற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உங்கள் தோட்டத்து ஆபீஸ் சுவரில் அது இருக்கிறதா? நாளைக்கே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். 2025 ஜூலையில் பகடிவதைக்கு எதிராகத் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகளும் நடப்புக்கு வந்திருக்கின்றன. மிரட்டியும் இழிவாகவும் பேசி ஒருவரைத் துன்புறுத்துவது அவற்றின்படி குற்றம்.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? சாட்சி வேண்டும். ஏச்சு விழுந்த அன்றே ஒரு சிறு புத்தகத்தில் தேதி, நேரம், இடம், என்ன சொன்னார், யார் யார் கேட்டார்கள் என்று எழுதி வையுங்கள். எழுத வராதவருக்குப் பள்ளிக்குப் போகிற பிள்ளை எழுதித் தரட்டும். பிறகு தோட்டக் கமிட்டியிடமோ சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ போங்கள். நம் பக்கத்து லயத்து வங்காளதேசத்துப் பிள்ளைக்கும் இந்த வழியைக் காட்டுங்கள். அவனும் தொழிலாளிதான். அன்று பிரட்டுக்களத்தில் சிரித்தார்களே இரண்டு பேர், அவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிரிக்காமல் நின்றாலே பாதி நியாயம் கிடைத்துவிடும்.

மண்டோர் அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் மேலிருந்து நெருக்கடி உண்டு, டன் கணக்கு உண்டு என்பது நமக்குத் தெரியும். குரலை உயர்த்துங்கள், தப்பைத் தப்பென்று சொல்லுங்கள். ஆனால் பெற்றவளை இழுக்காமல் சொல்லுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். செய்து பார்த்துவிட்டு, வேலை குறைந்ததா என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அந்தப் பாட்டி என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? பையன் கையில் இருந்த மூட்டையை இறக்கி வைக்கச் சொல்லி, "வாங்க" என்ற வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாராம். அவன் மூன்று தடவை சொல்லிப் பழகினானாம். மறுநாள் காலை பிரட்டுக்களத்தில், மண்டோர் வாயைத் திறக்குமுன்னே இவன் முந்திக்கொண்டு, "வாங்க மண்டோர்" என்றானாம்.

மண்டோருக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை என்று சொல்கிறார்கள்.