வீட்டுக் குளிரும் வெப்பநிறுத்தியும்

யாழ்ப்பாணத்திலே வீட்டுக்குச் சூடேற்றுவது எங்ஙனம் என்று எவரேனும் வினவினால் நமக்கு நகைப்பே தோன்றும். பங்குனி சித்திரையில் வீட்டைக் குளிர்விப்பது எங்ஙனம் என்பதன்றோ நம்மவர் கவலை! ஆயினும், 1983 ஆம் ஆண்டின் பின்னர் நம் குடும்பங்கள் எத்தனையோ கனடாவுக்குப் பெயர்ந்து, ரொறன்ரோ நகரிலும் அதன் அயலிலும் வீடு வாங்கிக் குடியிருக்கின்றன. அங்கே மாரிகாலத்தில் வீட்டைச் சூடாக்காமல் வாழ்தல் இயலாது. ஆகவே, அந்நாட்டு வீட்டுச் சுவரிலே ஒட்டிக்கிடக்கும் வெப்பநிறுத்தி என்னும் சிறு கருவியைப் பற்றி இங்கே எழுதுவது பொருத்தமற்றதாகாது. அதனை நாமே கழற்றி மாற்றப் புகுந்து பட்ட பாடும் இதில் அடங்கும்.

2019 ஆம் ஆண்டு தை மாத இறுதியில் ஸ்காபரோவில் எமது தங்கையின் வீட்டிலே தங்கியிருந்தோம். வெளியே குளிர் சுழியத்துக்குக் கீழே 20 பாகையை அண்மித்திருந்தது. பகலெல்லாம் கதகதப்பாக இருக்கும் வீடு, பொழுது பட்டதும் குளிர்ந்துவிடும். சுவரிலிருந்த வட்டமான பழைய வெப்பநிறுத்தியோ 21 பாகை என்றே காட்டிக்கொண்டிருக்கும். எண்பது வயது கடந்த எம் அன்னையார் இரண்டு போர்வைகளுக்குள் ஒடுங்கிக்கொண்டு, "தம்பி, உந்தச் சாமானுக்கு விசர் பிடிச்சிட்டுது, மாத்திப் போடு" என்று தீர்ப்புக் கூறினார். புதிய கருவி ஒன்று வாங்கப்பட்டது. தொழில்நுட்பவியலாளரை அழைத்தால் பெருந்தொகை கேட்பாரென்று தங்கை தயங்கினாள். ஊரிலே மின்கம்பி வேலை ஓரளவு பழகிய எமக்கு அதுவே போதிய தூண்டுகோலாயிற்று.

கருவியின் தத்துவம் நம் மாணவர்கள் மின்னழுத்தியிற் படித்ததேயாகும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு, சூடேறும்போது வளைகிறது. பழைய வட்டக் கருவியில் அத்தகடு சுருளாக இருக்கும். சுருளின் மேல் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் இரசத் துளி. அறை குளிர்ந்ததும் சுருள் அசைந்து குழாயைச் சாய்க்கும். இரசம் ஓடி இரு முனைகளையும் தொடுக்கும். உடனே நிலவறையிலுள்ள எரிவாயு உலை மூண்டு, சூடான காற்று குழாய்கள் வழியே அறைதோறும் வரும். அறை சூடேறியதும் குழாய் மறுபக்கம் சாயும், உலை அணையும். அவ்வளவே.

இக்கருவியின் பிறப்பும் சுவையானது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, வைற்வோட்டர் என்னும் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் படிப்பித்தவர் வாறன் ஜோன்சன். கல்லூரிக் காவலாளி வகுப்பு வகுப்பாக வந்து வெப்பமானியைப் பார்ப்பதும், பின்னர் கீழே சென்று சூட்டைக் கூட்டிக் குறைப்பதுமாக இருந்தார். பாடம் குழம்புவதைச் சகியாத ஜோன்சன், அறையின் சூட்டை நிலவறைக்கு மணியடித்து அறிவிக்கும் மின்கருவியொன்றை ஆக்கி, 1883 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எம் தங்கை வீட்டிலிருந்தது போன்ற வட்டக் கருவியை ஹனிவெல் நிறுவனம் 1953 இல் விற்பனைக்கு விட்டது. அதன் வடிவை அமைத்தவர் ஹென்றி டிறேபஸ்.

இனி எமது கைவண்ணத்துக்கு வருவோம்.

நிலைமாற்றி ஒன்று வீட்டு மின்சாரத்தை 24 வோல்ற்றாகக் குறைத்தே இக்கருவிக்கு அனுப்புகிறது. இருபத்துநான்கு வோல்ற்று ஆளை என்ன செய்துவிடும் என்ற அலட்சியத்தால் உலையின் ஆளியை நாம் நிறுத்தவில்லை. பழைய கருவியின் மூடியைக் கழற்றினோம். உள்ளே சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை என நான்கு கம்பிகள் தொடுக்கப்பட்டிருந்தன. ஐந்தாவதாக ஒரு நீலக் கம்பி எதிலும் தொடுக்கப்படாது சுருண்டு கிடந்தது. தங்கையின் மகள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. "மாமா, கழற்ற முதல் ஒரு படம் எடுப்பம்" என்று தன் கைபேசியால் அதைப் படம் பிடித்தாள். பிள்ளை விளையாட்டு என்று நாம் எண்ணினோம்.

நம் ஊர்ப் பழைய வீடுகளிலே பச்சைக் கம்பி நிலத்தொடுப்பு என்பது யாவரும் அறிந்தது. ஆகவே, "இது தேவையில்லை" என்று அதை ஒதுக்கினோம். சிறுமி தான் எடுத்த படத்தைக் காட்டி, அக்கம்பி 'ஜீ' என்ற எழுத்தின் கீழ் இருந்ததென்றும், அது காற்றாடிக்குரியது என்று கைந்நூல் கூறுகிறதென்றும் எம்மைத் தடுத்தாள். இங்கே நிறத்தை நம்பலாகாது. கம்பி எந்த எழுத்தின் கீழ் இருந்ததோ அதுவே கணக்கு. 'ஆர்' மின்வரவு, 'டபிள்யூ' சூடு, 'வை' குளிர்விப்பு, 'சீ' மின் திரும்பும் வழி. பழைய கருவி தனக்கென மின்சாரம் வேண்டாதது. திரையும் கம்பியில்லாத் தொடர்பும் கொண்ட புதியவற்றிற் பல ஓயாது மின்சாரம் வேண்டுவன. அதற்காகவே நீலக் கம்பியை 'சீ' முனையில் தொடுக்க வேண்டும். அக்கம்பி இல்லாத வீட்டார் மின்கலத்தில் இயங்கும் கருவியை வாங்குவது உசிதம்.

நீலக் கம்பியை நிமிர்த்தும்போது அதன் முனை சிவப்பைத் தொட்டது. கண்ணிமைப் பொழுதில் ஒரு சிறு பொறி. கைக்கு ஒன்றுமில்லை, ஆனால் உலை ஊமையாயிற்று.

இரவு ஒன்பது மணி. மைத்துனர் இரவு வேலைக்குப் போயிருந்தார். உலையினுள்ளே உள்ள 5 அம்பியர் உருகி எரிந்துபோனதைத் தொலைபேசி வழியாக அவர் சொல்லச் சொல்லக் கண்டுபிடித்தோம். மோட்டார் வண்டியில் இருக்கும் சிறு உருகியே அது; விலையும் சொற்பம். ஆனால் அந்நேரத்தில் எங்கே வாங்குவது? வீடு மணிக்கு மணி குளிர்ந்தது. சமையலறை வாயு அடுப்பைத் திறந்து எரியவிட்டுச் சுற்றியிருப்போம் என்றார் அன்னையார். தங்கை மறுத்துவிட்டாள். மூடிய வீட்டில் அங்ஙனம் எரித்தால் காபனோரொட்சைட்டு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சுவாயு சேரக்கூடும், உறங்குபவர் விழிக்கமாட்டார். நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்காதபடி குழாய்களைச் சிறிது சொட்டவிட்டோம். ஒரே அறையில் ஒரு சிறு மின்கணப்பைச் சுற்றி நால்வரும் விடியும்வரை கிடந்தோம். அன்னையார் எம்மை ஒரு வார்த்தையும் கடிந்து கூறவில்லை. அதுவே எமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

காலையில் உருகி வந்தது. இம்முறை உலையின் ஆளியையும் மின்பெட்டியின் ஆளியையும் நிறுத்தினோம். ஒவ்வொரு கம்பியிலும் அதற்குரிய எழுத்தைக் காகிதத்தில் எழுதி ஒட்டினோம். கம்பிகள் சுவருக்குள் நழுவாதபடி ஒரு பென்சிலிற் சுற்றி வைத்தோம். கம்பி வந்த துளையால் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று வீசிற்று. அதனைப் பசையால் அடைத்தோம். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. சில வீடுகளில் தடித்த கம்பிகள் இருக்கும். கருவியின் முதுகில் 120 அல்லது 240 வோல்ற்று என்று எழுதியிருக்கும். அது நேர் மின்சாரத்தால் சுவரடிக் கணப்புகளை இயக்கும் வேறு வகை. அதைக் கண்டவர் மூடியை மூடிவிட்டு மின் தொழிலாளரை அழைப்பாராக.

பழைய கருவியைச் சிறுமி ஆசையோடு கேட்டாள். வெள்ளி முத்துப் போல் உருளும் இரசத்தைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அக்குழாயில் ஏறத்தாழ 3 கிராம் இரசம் இருக்கும். குழாய் உடைந்தால் எழும் ஆவி மூளையையும் நரம்பையும் கெடுக்கும். பிள்ளைகளுக்கு மேலும் தீது. குப்பையிலும் எறியலாகாது. உடையாமற் பொதிந்து, ஆபத்தான கழிவுகளை ஏற்கும் நகரசபை நிலையத்தில் ஒப்படைத்தோம்.

அன்று மாலை வீடு மறுபடியும் குளிர்ந்தது! புதிய கருவியும் 21 பாகை என்றே காட்டிற்று. நாம் தலையிற் கைவைத்து அமர்ந்துவிட்டோம். சிறுமி ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குச் சென்று பார்த்தாள். அங்கே 17 பாகை. திரும்பி வந்து சுவரை மேலும் கீழும் நோக்கினாள். வெப்பநிறுத்திக்கு நேர் கீழே அன்னையாரின் சுவாமி படத்தட்டு. அதிலே பொழுது பட்டதும் ஏற்றி, உறங்கும் வரை எரியவிடும் விளக்கு. அதன் சூடு மேலெழுந்து கருவியை ஏமாற்றிக்கொண்டிருந்தது. பழைய கருவி பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை.

படத்தட்டை எதிர்ச்சுவருக்கு மாற்ற இரண்டு ஆணிகள் தேவைப்பட்டன. அந்த வேலையை மைத்துனரே செய்தார்; சுத்தியலை எம் கையிற் கொடுக்க எவரும் உடன்படவில்லை.