ஆறு பேர் கணக்கு

இந்தியத் தொழிலாளி சோம்பேறி. அதனாலேயே நமது பஞ்சாலைகள் அன்னிய ஆலைகளுக்கு ஈடு கொடுக்க இயலவில்லை என்பது நெடுங்காலமாகப் பாடப்பட்டு வரும் பல்லவி. இதற்கு ஆதாரமாக ஒரு கணக்கும் காட்டப்படுகிறது. 1910-ஆம் வருஷத்தையொட்டி, அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களில் ஓர் ஆலைத் தொழிலாளி செய்த வேலைக்கு இங்கிலாந்தில் ஒன்றரைப் பேரும், ஜெர்மனியில் இரண்டு பேருக்கு மேலும், இந்தியா, சீனா, ஜப்பான், கிரீஸ் ஆகிய தேசங்களில் ஏறக்குறைய ஆறு பேரும் தேவைப்பட்டனராம். கிரிகரி கிளார்க் என்னும் பொருளாதார ஆசிரியர் 1987-ல் வெளியிட்ட கணக்கு இது.

கணக்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு பேரில் கிரேக்கரும் இருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் ஆயிரக்கணக்கான கிரேக்கர் கப்பலேறிச் சென்று, அமெரிக்காவில் லோவெல் நகரத்து ஆலைகளில் வேலைக்கமர்ந்தார்கள். அந்நாட்டு வழக்கப்படியே பல யந்திரங்களைக் கவனித்தார்கள். கடலைத் தாண்டியதும் அவர்களுடைய சோம்பல் எங்கே போயிற்று? ஜப்பானியரும் அந்த ஆறு பேர் வரிசையில் இருந்தவர்களே. 1933-க்குள் அவர்கள் துணி ஏற்றுமதியில் இங்கிலாந்தையே முந்திவிட்டார்கள். டொயோடாவின் தானியங்கித் தறியின் உரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் கம்பெனியார் விலை கொடுத்து வாங்கினர். (ஜப்பானைப் புகழ்வோர், கிராமங்களிலிருந்து கொணர்ந்து ஆலை விடுதிகளில் அடைக்கப்பட்ட இளம் பெண்களையும் சற்று நினைப்பது நலம்.)

கூலி உயர்ந்த நாட்டில் முதலாளி ஒரு தொழிலாளியிடம் பல தறிகளை ஒப்புவிக்கிறார். கூலி மலிந்த இடத்தில் அவருக்கு அந்தக் கவலை இல்லை. லங்காஷயரில் நெசவாளிக்கு நான்கு தறிகள் வழக்கமாயிருந்த காலத்தில் பம்பாயில் இரண்டே. மட்டமான பஞ்சில் நூற்ற பாவு அடிக்கடி அறும். அறுந்த இழையைப் பிணைப்பதிலேயே பொழுது கழியும். அதுவும் சோம்பல் கணக்கிலேயே சேர்ந்தது!

1928-ல் பம்பாய் முதலாளிகள் இரண்டு தறியை மூன்றாக்க முற்பட்டபோது, சுமார் ஒன்றரை லக்ஷம் தொழிலாளிகள் ஏறக்குறைய ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். நான்கு தறிகளுக்கு மேல் ஒப்புவிக்கும் ஏற்பாட்டை எதிர்த்து 1932-ல் லங்காஷயர் நெசவாளிகளும் அவ்வாறே செய்தனர். அவர்களைச் சோம்பேறிகள் என்பாருண்டோ? இரு தேசத்தாரின் கேள்வியும் ஒன்றே. ஆறு தறிகளை மூவர் ஓட்டிய இடத்தில் இனி இருவர் போதுமென்றால், மூன்றாமவன் எங்கே போவான்? மிச்சமாகும் அவன் கூலியில் மற்ற இருவருக்கும் பங்கு எவ்வளவு?